உன் பாட்டில் கை வைத்தவள்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. உன் புத்தக வெளியீட்டுக்கு வந்திருந்த பெற்றோர்களும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று, நம் ஆம்பூர் வாசகர் வட்டத்தின் மாத இதழில் போடக் கொடுக்கப் போகிறேன். அம்மா மகனுக்கு எழுதுவதை ஊர் எதற்காகப் படிக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். ஒரு பெண்ணின் பெயர் ஊர் நடுவில் வைத்துக் கெட்டது. அதை நம் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சரிசெய்துவிட முடியாது.

நேரில் சொல்லத்தான் நினைத்தேன். வியட்நாமில் ஷூ கம்பெனி வேலைக்காக நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று, சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் உன் வீட்டுக்கு வந்தேன். சட்டைகளை மடித்துக்கொண்டே, "என்னம்மா, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு" என்றாய். "எலுமிச்ச ஊறுகாய் கசியாம கட்டணும்டா" என்றேன். நீ சிரித்தாய். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், காரணத்தை எழுந்து நின்று சொல்லும் வரை நான் உட்கார விட்டதில்லை. அந்த நான் ஊறுகாயைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். உன் புத்தகத்தில் பாட்டுகள் மாறிப் போனதற்கு, தன் ஜெராக்ஸ் கடையில் அதை டைப் செய்து கொடுத்த நசீமா காரணம் இல்லை. நான்தான் காரணம்.

வெளியீட்டுக்கு வராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் தினமும் பாடிக்கொண்டு வருகிறவள் தையல் பிரிவில் வேலை செய்யும் கோவிந்தம்மா. வெளிநாட்டுக்கு அனுப்ப வைத்திருந்த சாம்பிள் ஷூ ஜோடி ஒன்று கம்பெனியில் காணாமல் போகிறது. அதை யார் எடுத்து எங்கே ஒளித்தார்கள் என்பதைக் கோவிந்தம்மா பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அதனால் பஸ் நிறுத்தத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குச் சில பாட்டுகளைச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துச் சேர்த்தால் துப்பு கிடைத்துவிடும். முதல் பாட்டை நீ இப்படி எழுதியிருந்தாய்:

தண்ணி கம்மி, தாகம் ஜாஸ்தி, தாத்தா வண்டி நிக்கல
டேங்கு மேல காக்கா குந்தி தலைய ஆட்டிப் பாக்குது
கீழ எறங்கி வாடா தோஸ்து, கஞ்சி தர்றேன் உனக்குத்தான்
பாரு பாரு எங்க ஊரு பஸ்ஸு போய்ட்டே இருக்குது

தண்ணி டேங்கு கீழ பாரு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் அதற்குத் தலைகால் புரியாது. ஆனால் அச்சில் வந்த பாட்டு வேறு:

நீரோ குறைவு, தாகம் மிகுதி, நின்றிடாது வண்டியும்
தொட்டி மேலே காகம் அமர்ந்து தலையை ஆட்டிப் பார்க்குது
இறங்கி வாராய் இனிய தோழா, இனிக்கும் கஞ்சி நான்தருவேன்
எங்கள் ஊரின் பேருந்து ஏகிச் செல்லும் பாரடா

இதை எழுதியது நான். நீ ஏற்றுமதி அவசரத்தில் இருந்த வாரம் அது. "அம்மா, நசீமா கடைல கடைசி புரூஃப் இருக்கு. எழுத்துப்பிழை மட்டும் பார்த்துடு" என்று போனில் சொன்னாய். 'மட்டும்' என்பதை நான் கேட்டேன். கேட்டதை எடுத்துக்கொள்ளவில்லை. நசீமாவின் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதைப் பக்கங்களில் கண்ணை ஓட்டினேன். ஒற்று விட்ட இடம், கால் விட்ட இடம், இரண்டு சொல் ஒட்டிக்கொண்ட இடம். பரீட்சைத் தாள் கட்டுக் கட்டாகத் திருத்தியவர்களுக்கு அந்தக் கண் வந்துவிடும். பிழை பளிச்சென்று தெரியும். பிள்ளை என்ன சொல்லியிருக்கிறது என்பது தெரியாது.

பாட்டுகள் வந்ததும் நின்றேன். குந்தி, ஜாஸ்தி, தோஸ்து. என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியைகள் எல்லாரும் வாங்கப்போகும் புத்தகம். என் மகன் எழுதியது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு 'திருத்தம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். வரிகளை மாற்றி, மோனை கூட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நசீமா டைப் செய்தாள். இரண்டாவது பாட்டு பாதியில் அவள் நிறுத்தினாள்.

"டீச்சர், சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமா? பாட்டே மாறிப் போவுது."

"எம் பையன் பாட்டுதானேம்மா. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நீ அடி."

"அப்பறம் என்னைக் கேப்பாரு டீச்சர்."

"கேட்டா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன். அவள் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டைப் செய்தாள்.

புத்தகங்கள் பைண்டிங்கில் இருந்து நேராக வெளியீடு நடந்த நூலகக் கூடத்துக்குத்தான் வந்தன. நீகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. 'அம்மா பார்த்துட்டாங்க' என்ற நம்பிக்கை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்து, வரியின் முதல் வார்த்தையைப் பிடிக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்து, ஒளித்த இடத்தை முதலில் கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ என்று சொன்னாய். கூடமே குனிந்து படித்தது. அப்புறம் ரிப்பன் கட்டிய அந்தக் குட்டிப்பெண் எழுந்தாள்.

"அங்கிள், எனக்கு 'நீரோ தொட்டி இறங்கி எங்கள்'னு வருது. எங்க எறங்கணும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். நீ புத்தகத்தைப் பிரித்தாய். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம். உன் காது சிவந்துபோனதை முன்வரிசையில் இருந்த நான் பார்த்தேன். சின்ன வயதில் எல்லார் முன்னாலும் நான் திருத்தும்போது அப்படித்தான் சிவக்கும்.

"டைப் அடிச்சது யாரு?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். "நம்ம நசீமாதான்" என்றார் பதிப்பாளர். "உருது பேசற வீட்டுப் பொண்ணு சார், தமிழு கம்மியாத்தான் வரும்" என்றது இன்னொரு குரல். நான் இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். தமிழ் கம்மியாக வருகிற ஒருத்தி 'ஜாஸ்தி'யை எடுத்துவிட்டு 'மிகுதி' என்று எதற்குப் போடப் போகிறாள்? அங்கே இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. நீ மைக்கில், "டைப்பிங்ல தப்பு நடந்துடுச்சு பசங்களா, அடுத்த வாட்டி சரி பண்ணிடறேன்" என்றாய். நசீமா மிச்சப் புத்தகக் கட்டோடு வாசல் பக்கம் நின்றிருந்தாள். 'டீச்சர் சொன்னாங்க' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தேன் அல்லவா, அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரி கைப்பைக்குள் குனிந்துகொண்டேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கப்பா கேட்டார். தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் ஆள்களை மேய்த்தவர், அவருக்கு முகம் பார்த்தே தெரிந்துவிடும்.

"ஏம்மே, நசீமா கடைக்குப் போய் நாள் முழுக்க குந்தினு வந்தது நீதானே. அந்தப் பொண்ணு மேல போட்டுட்டான் பையன். நீ இன்னா, வாயே தொறக்கல?"

"பசங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

"பசங்க முன்னாடி அவன் தல குனியலாம். அந்தப் பொண்ணு தல குனியலாம். டீச்சரம்மா மட்டும் குனியக் கூடாது."

அன்றைக்குச் சோறு அவரே போட்டுக்கொண்டார்.

தம்பி, உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா தெரியவில்லை. நான் அணைக்கட்டு ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் மூச்சு வாங்க ஓடிவந்து, "அம்மா, இஸ்கூல்ல இன்னா ஆச்சு தெரியுமா, பெஞ்சாண்ட பாம்பு குந்தினு இருந்துச்சு" என்றாய். 'இஸ்கூல்' இல்லை 'பள்ளி' என்றேன். திருப்பிச் சொன்னாய். 'இன்னா' இல்லை 'என்ன' என்றேன். திருப்பிச் சொன்னாய். பாம்பு குந்தாது, சுருண்டு கிடக்கும் என்றேன். நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று கை கழுவப் போய்விட்டாய். அந்தப் பாம்பு என்ன செய்தது, யாரையாவது கடித்ததா, நீ எவ்வளவு பயந்தாய் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நீ உன் கம்பெனி ஆட்களிடம் எப்படிப் பேசுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். மழை மாதிரி பேசுகிறாய். என்னிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் சின்னதாக ஒரு நிறுத்தம் இருக்கிறது. வெகுநாள் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் பதிப்பில் போட ஒரு குறிப்பு எழுதி, வாட்ஸ்அப்பில் எனக்குத்தான் அனுப்பினாய். 'முதல் பதிப்பில் தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் பாடல்கள் சிதைந்துவிட்டன. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.' கீழே, 'அம்மா, பிழை இருக்கா பார்' என்று கேட்டிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமல்லவா? ஒரு கமாவைச் சேர்த்து, 'பொறுத்தருள வேண்டுகிறோம்' என்று மாற்றி, 'இப்போது சரி' என்று திருப்பி அனுப்பினேன். ஒரு பொய்யின் வாக்கியத்தைச் செம்மை செய்து கொடுத்தேன். செய்த தப்பை மறைப்பது ஒரு வகை. அந்த மறைப்புக்கு மெருகு போட்டது, என்னைப் பொறுத்தவரை, தப்பைவிடப் பெரியது.

ஆனால் எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது இதுவும் இல்லை. நீ வியட்நாமுக்குக் கிளம்பிப் போன மறுநாள் உங்கப்பா ஈஸிச்சேரில் உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ரெண்டு பேரையும் புத்தகத்துல போட்டுட்டான் பாத்தியா?"

"பார்த்தேன்" என்றேன், கீரையை ஆய்ந்தபடி.

"நான் யாரு, சொல்லு."

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி, நீ யாரு? அதையாவது சொல்லு." புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "படிக்கவே இல்லையாம்மே நீ?"

படிக்கவில்லை தம்பி. 'படிச்சேன், நல்லா இருக்கு' என்று உன்னிடம் சொன்னேன். நீ கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தபோது சொன்னேன், புரூஃப் முடிந்த அன்றும் சொன்னேன். இரண்டு முறையும் பொய். பிழை தேடினேன், படிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதியதுதானே, அதில் எனக்கென்ன இருக்கப் போகிறது என்ற எண்ணம். கடைசி அத்தியாயத்தை ஒரு முறை ஒழுங்காகப் படித்திருந்தால் பாட்டின் முதல் வார்த்தையில் கை வைத்திருக்கவே மாட்டேன். என் தமிழ் உன் புத்தகத்தைக் கெடுக்கவில்லை. உன் அம்மா அதைப் படிக்காததுதான் கெடுத்தது.

அன்று மதியம் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். வாட்ச்மேன் வேடத்தில் எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற தாத்தா உங்கப்பா, அவருக்கு ரொம்பப் பெருமை. கதையில் துப்பைத் தேடிப் போகும் பையனின் அம்மாவைத் தேடினேன். அவளும் டீச்சர்தான். கம்பெனிக்குள் திருட்டுத்தனமாகப் போய்விட்டு வந்த பையன் தப்புத் தப்பாக, முன்னுக்குப் பின் முரணாக எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறாள். அப்புறம், 'பயந்துட்டியா?' என்று மட்டும் கேட்கிறாள். அந்தப் பக்கத்தைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். அவளை எங்கேயோ பார்த்து எழுதியிருப்பாய். நம் வீட்டில் பார்த்து எழுதவில்லை.

மறுநாள் நசீமா கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

"வாங்க டீச்சர். ஆதார் காப்பியா?"

"இல்லம்மா. உன்கிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கடைப் பையனிடம் டீ சொன்னாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய் டீச்சர்" என்றாள். "பள்ளிக்கூட ஆண்டு மலர் வேல போய்டுச்சு. வாசகர் வட்டத்து இதழும் வேற கடைக்குப் போய்டுச்சு. எங்க வீட்டுக்காரரு, 'தமிழு வராதுன்னா எதுக்குக் கடை, மூடிட்டு வா'ங்கறாரு. நான் இன்னா பதில் சொல்றது? நீங்க இங்க வந்து சொல்லிட்டீங்க. கேட்டவங்க எல்லாம் அங்கதான இருக்காங்க."

"ஏம்மா அன்னிக்கே நீ சொல்லல?"

"நீங்க மொத வரிசைல இருந்தீங்க. நீங்களே எழுந்து சொல்வீங்கன்னு பாத்துனு இருந்தேன்."

டீயைக் குடித்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் சொல்கிறேன், பழக்கம் விடவில்லை. நீ போயிருக்கும் இடத்தில் உனக்குக் கீழே நூறு பேர் இருப்பார்கள். பாஷை தெரியாதவர்களும் இருப்பார்கள். ஒரு ஜோடி கெட்டுப்போய் வந்தால், கடைசியாக அது யார் கையில் இருந்தது என்று மட்டும் கேட்காதே. அதற்கு முன்னால் யார் வந்து, இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்றும் கேள். சொல்லிவிட்டுப் போனவர் மரியாதைக்குரியவராக இருந்தால் இன்னும் ஒரு முறை கேள். நீ நசீமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். நீ கேட்காததற்கும் நானே காரணம். அம்மா பார்த்த தாளில் தப்பு இருக்காது என்று உன்னை நம்பவைத்து வளர்த்தவள் நான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அந்தக் குறிப்பை அச்சுக்கு அனுப்பாதே. பதிப்பாளரிடம் நான் பேசிவிட்டேன். நீ சொன்னால் நிறுத்துவதாகச் சொன்னார். நீ எழுதிய பாட்டுகளை, குந்தி, ஜாஸ்தி, தோஸ்து எல்லாம் அப்படியே, நசீமாவே திரும்ப டைப் செய்யட்டும். வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நானே எழுந்து படிக்கப் போகிறேன். அந்தக் குட்டிப்பெண்ணும் வருவாள் என்று அவள் அம்மா சொன்னார். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாளே, அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ யாருக்கும் போன் செய்து, அம்மாவுக்கு வயசாயிடுச்சு, பாத்துக்கோங்க என்றெல்லாம் சொல்லி வைக்காதே.

இந்தக் கடிதத்தையும் நசீமா கடையில்தான் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் டைப் செய்கிறாள். கூலி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். தன்னைப் பற்றி வந்த இடங்களிலும் அவள் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போனாள். கடைசியாக, உன் குறிப்புக்குப் பதிலாகப் புத்தகத்தில் போட வேண்டிய குறிப்பைச் சொன்னேன். 'முதல் பதிப்பின் பாடல்களில், மெய்ப்பு பார்க்கும்போது சில மாற்றங்கள் நேர்ந்துவிட்டன' என்று ஆரம்பித்தேன். அவள் விரல் நின்றது. திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். வெளியே பைபாஸ் பக்கம் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நானும் அந்த வரியைப் பார்த்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன், மாற்றிய ஆளே அதில் இல்லை.

"அத எடுத்துடும்மா" என்றேன். "இப்படிப் போடு. முதல் பதிப்பில் இந்தப் பாட்டுகளை மாற்றியது நூலாசிரியரின் அம்மா. கதையைப் படிக்காமல் மாற்றினார். டைப் செய்த நசீமா, நூலாசிரியரைக் கேட்டுவிடலாம் என்று சொன்னார். அம்மா கேட்கவில்லை."

அவள் அடித்தாள்.

"குறிப்புக்குக் கீழ உங்க பேரு போடணும்ல டீச்சர்?"

"போடணும்."

"தமிழாசிரியை, ஓய்வுன்னு சேர்த்துப் போடவா?"

"வேணாம்மா" என்றேன். "பேரு மட்டும் போதும்."

அம்மா